பெர்செஃபொனே: கதிரடிக்கும் பெண்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களிலும் தொன்மக் கதைத் தொகுப்புகளிலும் பெர்செஃபொனே என்ற பெயருக்கு ஒரே பொருள்தான் திரும்பத் திரும்பத் தரப்படுகிறது: 'அழிவைக் கொண்டுவருபவள்', அல்லது 'கொலையைச் சுமப்பவள்'. பாதாள அரசன் ஹேடீஸின் மனைவி, இறந்தவர்களின் அரசி என்பதால் இந்தப் பொருள் பொருத்தமாகவே படுகிறது. யாரும் மறுபடி யோசிப்பதில்லை. ஆனால் இது பாதிதான் சரி. பெயரின் பின்பாதியில் 'அடி' என்னும் வேர் இருப்பது உண்மை. அந்த அடி விழுந்தது மனிதன் மேல் அல்ல, கதிர்க்கட்டின் மேல். பெயர் பிறந்த இடம் சுடுகாடு அல்ல, களத்துமேடு. இப்படிச் சொல்ல என்ன ஆதாரம், அதில் எது உறுதி, எங்கே தயக்கம் வேண்டும் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

முதலில் எழுத்து. கிரேக்கத்தில் இந்தப் பெயரின் நான்கு உயிர்களில் மூன்று குறில், கடைசி ஒன்று மட்டும் நெடில்: பெர்-செ-ஃபொ-னே. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்து எழுதும் வசதி தமிழுக்கு உண்டு என்பதால் இதை நாம் பிசகில்லாமல் எழுதிவிடலாம். நடுவில் வரும் ஃப, பழைய கிரேக்கத்தில் 'ஃபேன்', 'ஃபைல்' என்னும்போது வரும் ஒலி அல்ல; காற்று சேர்ந்த பகரம், வடமொழி 'பலன்' என்பதன் முதலெழுத்தைப் போன்றது. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லாததால் ஃப என்று குறிக்கிறேன். தமிழில் பலரும் எழுதும் 'பெர்சிஃபோன்' ஒரு தவறான வாசலைத் திறந்துவிடுகிறது. டெலிஃபோன், மைக்ரோஃபோன் ஆகியவற்றில் இருப்பது 'குரல்' என்று பொருள்படும் ஃபோனே. அங்கே ஓகாரம் நெடில். பெர்செஃபொனேயில் ஒகரம் குறில். இரண்டும் வேறு வேறு சொற்கள். 'இனிய குரலாள்' என்று சில இடங்களில் காணப்படும் விளக்கம் இந்தக் குறில் நெடில் குழப்பத்தின் விளைவு. அதை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது, இந்தத் தெய்வத்துக்கு ஒரே ஒரு பெயர் வடிவம் இருந்ததில்லை. ஹோமரின் காவியங்களில் அவள் பெர்செஃபொனெயா. நாடகாசிரியர் ஏஸ்கிலஸ் பெர்செஃபஸ்ஸா என்கிறார். சோஃபக்ளீஸின் ஆன்டிகனி நாடகத்தில் ஃபெர்செஃபஸ்ஸா. ஏதென்ஸ் நகரத்துப் பேச்சில் ஃபெர்ரெஃபத்தா. அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகங்களில் வருவது இதுதான். நகரின் சந்தை வெளியான அகோராவுக்கு அருகே அவளுக்கிருந்த கோயிலை 'ஃபெர்ரெஃபத்தியோன்' என்று பேச்சாளர் டெமாஸ்தெனீஸின் வழக்குரை ஒன்று குறிப்பிடுகிறது. தென் இத்தாலியின் லோக்ரியில் அவள் பேரிஃபொனா. இவ்வளவு வடிவங்கள் இருப்பதே சில ஆய்வாளர்களை வேறு முடிவுக்குத் தள்ளியது: இது கிரேக்கச் சொல்லே அல்ல, கிரேக்கர் வருவதற்கு முன்பு அந்த மண்ணில் இருந்த மக்களின் தெய்வப் பெயர், வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி உச்சரித்தார்கள் என்பது அவர்கள் கட்சி. நியாயமான ஐயம்தான். ஆனால் வடிவங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவை தாறுமாறாக இல்லை என்பது தெரியும்.

கிரேக்கர்களுக்கே இந்தப் பெயர் புரியவில்லை. அதனால் அவர்கள் பயந்தார்கள். பிளேட்டோவின் கிராட்டிலஸ் முழுக்க முழுக்கப் பெயர்களைப் பற்றிய உரையாடல். அதில் சாக்ரடீஸ் சொல்கிறார்: ஃபெர்ரெஃபத்தா என்ற பெயரைப் பலர் அஞ்சுகிறார்கள், அறியாமையால் அதை ஃபெர்செஃபொனே என்று மாற்றிப் பார்க்கிறார்கள், உடனே அது அவர்களுக்குப் பயங்கரமாகத் தோன்றுகிறது. ஏன் பயங்கரம்? கிரேக்கத்தில் 'ஃபெரோ' என்றால் சுமக்கிறேன், கொண்டுவருகிறேன். 'ஃபொனோஸ்' என்றால் கொலை. இரண்டையும் ஒட்டினால் கொலை சுமப்பவள். இன்றைய பெயர்ப் பட்டியல்கள் தரும் பொருளின் ஊற்று இதுவே. சாக்ரடீஸ் அந்த அச்சத்தைப் போக்க, 'நகர்ந்துகொண்டிருப்பதைத் தொட்டு அறிபவள்' என்று ஒரு விளக்கம் தருகிறார். பின்னாளில் தத்துவவாதி போர்ஃபிரி, காட்டுப்புறாவுக்குக் கிரேக்கத்தில் 'ஃபத்தா' என்று பெயர் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, 'புறாவை வளர்ப்பவள்' என்றார். இரண்டுமே ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டியவை. சாக்ரடீஸ் சொன்னதில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது: -ஃபொனே என்று முடியும் வடிவம், -ஃபத்தா என்று முடியும் வடிவத்தை மாற்றிச் செய்தது என்கிறார். அது வெறும் வாதத்துக்குச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் இன்றைய மொழியியல் வந்து நிற்கும் இடமும் அதற்கு அருகில்தான்.

சுவிட்சர்லாந்தின் மொழியியலாளர் ருடால்ஃப் வாக்டர், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், இலக்கிய நூல்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஏதென்ஸின் சாடிகளில் எழுதப்பட்டிருக்கும் பெயர்களிலிருந்து தொடங்கினார். கையெழுத்துப் படிகள் நூற்றாண்டுகள்தோறும் திருத்தப்பட்டவை. சுட்ட மண்ணில் எழுதியதை யாரும் திருத்துவதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 440 அளவில் செய்யப்பட்ட ஒரு பெரிய மதுக்கலவைச் சாடி இருக்கிறது. பெர்செஃபொனே பூமியின் பிளவிலிருந்து மேலே வருகிறாள். பக்கத்தில் தூதுத் தெய்வம் ஹெர்மீஸ், தீப்பந்தங்களோடு பெண் தெய்வம் ஹெக்கட்டி, வலது ஓரத்தில் செங்கோலூன்றிக் காத்திருக்கும் அவள் தாய், தானியத் தெய்வமான டிமீட்டர். பெர்செஃபொனேயின் தலையருகே இருக்கும் பெயர் 'பெர்செ-' என்று தொடங்கவில்லை, 'பெர்சோ-' என்று தொடங்குகிறது. இது சின்ன விஷயம் அல்ல. கிரேக்கத்தில் இரண்டு பெயர்ச்சொற்களைச் சேர்த்துத் தொகைச்சொல் செய்யும்போது நடுவில் இயல்பாக வரும் உயிர் ஒகரம். ஆக, இது 'பெர்சொ' என்ற ஒரு சொல்லும் 'ஃபத்தா' என்ற ஒரு சொல்லும் சேர்ந்த தொகை. இங்கிருந்து மற்ற வடிவங்களுக்குப் போவது எளிது. ஏதென்ஸ் பேச்சில் ர்ஸ் என்பது ர்ர் ஆகும். அது அவ்வூர் வழக்கு. பின்னால் வரும் காற்றொலி முன்னால் இருக்கும் பகரத்திலும் ஏறிக்கொண்டால் பெர்- என்பது ஃபெர்- ஆகும். இரண்டும் நடந்தால் கிடைப்பது ஃபெர்ரெஃபத்தா.

இப்போது பின்பாதி. -ஃபத்தா என்பது ஏதென்ஸ் வழக்கு, -ஃபஸ்ஸா மற்ற வட்டாரங்களின் வழக்கு. கடலுக்கு ஏதென்ஸில் தலத்தா, பிற இடங்களில் தலஸ்ஸா என்பதே அதற்குச் சாட்சி. இதன் வேர், தொண்டையும் உதடும் ஒருசேர இயங்கிக் காற்றோடு எழுந்த ஒரு பழைய மெய்யொலியில் தொடங்குவது. அந்த மெய், பின்னே அகரமோ ஒகரமோ வந்தால் கிரேக்கத்தில் ஃப ஆகும். எகரம் வந்தால் காற்று சேர்ந்த தகரம் ஆகும். எனவே 'அடிக்கிறேன்' என்பது தெய்னோ. 'கொலை' என்பது ஃபொனோஸ். 'கொல்லப்பட்ட' என்பது -ஃபதொஸ். வடமொழியில் அதே மெய் க (காற்று சேர்ந்தது) அல்லது ஹ ஆகும். அங்கே 'கொல்லப்பட்ட' என்பது ஹத. கிரேக்க ஃபதொஸும் வடமொழி ஹதவும் ஒலிக்கு ஒலி பொருந்தும் ஒரே சொல். நாம் பேச்சில் சொல்லும் பிரம்மஹத்தியில் இருப்பது இந்த வேர்தான். சத்துருக்கனன் என்ற பெயரின் கடைசியில் இருப்பதும் அதுவே, பகைவரை அடிப்பவன். ஆக, -ஃபத்தா என்றால் 'அடிப்பவள்'. பெண்பால் விகுதியோடு கூடிய, இலக்கணப்படி சுத்தமான சொல்.

எதை அடிப்பவள்? இங்கேதான் கிரேக்கம் கைவிடுகிறது. 'பெர்சொ' என்ற சொல் கிரேக்கத்தில் தனியாக வாழவில்லை. அதற்கு இணையான சொல் கிடைப்பது ரிக்வேதத்தில், அதுவும் ஒரே ஓர் இடத்தில்: பத்தாம் மண்டலம், 48ஆம் பாடல், ஏழாம் மந்திரம். இந்திரன் தன் வலிமையைத் தானே சொல்லும் பாடல் அது. 'களத்தில் கதிர்க்கட்டுகளை அடிப்பதுபோல் பலரையும் அடிக்கிறேன். இந்திரனை ஏற்காத பகைவர் என்னை ஏன் இகழ்கிறார்கள்?' என்பது பொருள். மூலத்தில் 'கலே ந பர்ஷான் ப்ரதி ஹன்மி'. கல என்றால் களம். பர்ஷ என்றால் கதிர்க்கட்டு. ஹன்மி, அடிக்கிறேன். பர்ஷவும் பெர்சொவும் ஒன்று. ஹன்னும் ஃபத்தாவும் ஒன்று. வேதத்தில் ஒரு வாக்கியமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்கள், கிரேக்கத்தில் ஒரே பெயராகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. பெர்செஃபொனே என்றால் கதிர்க்கட்டை அடிப்பவள்.

அந்த மந்திரத்தில் மூன்றாவது சொல்லான 'கல' தமிழ் வாசகருக்குத் தனியாக முக்கியம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இதற்குத் திருத்தமான உறவு கிடைக்காததாலும், களம், களன் என்பவை திராவிட மொழிகளில் பரவலாக இருப்பதாலும், வடமொழி 'கல' திராவிடத்திலிருந்து போன சொல் என்று மொழியியலாளர் தாமஸ் பர்ரோ போன்றவர்கள் கருதினார்கள். அதை ஏற்றால், ஒரு மந்திரத்தின் நான்கைந்து சொற்களுக்குள் கிரேக்கத் தெய்வத்தின் பெயரும் தமிழ் உழவரின் களமும் அடுத்தடுத்து நிற்கின்றன. உவமையும் நமக்குப் புதிதல்ல. 'ஏரோர் களவழி' என்று நெற்களத்தையும் 'தேரோர்' களவழியாகப் போர்க்களத்தையும் தொல்காப்பியம் அடுத்தடுத்து வைக்கிறது. கதிரையும் அடிக்கிறோம், ஆளையும் அடிக்கிறோம். தமிழில் வினை ஒன்றுதான். கிரேக்கத்திலும் அந்த வேர் அப்படித்தான் இருந்தது. ஆனால் கொலை என்ற பொருள் மட்டும் அங்கே உயிரோடு தங்கி, கதிரடி என்ற பொருள் மறைந்தது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் காதில் கொலை மட்டும் கேட்டது.

கதிரடிப்பது என்றால் என்ன என்று நெற்பயிர் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. களத்துக்கு வந்த தாளில் இரண்டு வேலை நடக்கும். முதலில் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கல்லிலோ பலகையிலோ அறைந்து மணியை உதிர்ப்பது, அது தலையடி. பிறகு தாளில் ஒட்டியிருக்கும் மிச்ச மணிக்காக வைக்கோலைப் பரப்பி மாடுகளைப் பிணைத்துச் சுற்றி மிதிக்கவிடுவது. கிரேக்க நூல்களில் பெரும்பாலும் பேசப்படுவது இரண்டாவது முறை. ஹோமரின் இலியட் காவியத்தின் 20ஆம் காண்டத்தில், நன்றாக அமைத்த களத்தில் நுகம் பூட்டிய காளைகள் வெண்வாற்கோதுமையை மிதிக்கின்றன. பழங்கவிஞர் ஹெசியட் தன் உழவு நூலில், ஓரியன் விண்மீன் கூட்டம் முதலில் தெரியும்போது, நம் கணக்கில் ஜூன் மாதத்தில், காற்றோட்டமான இடத்தில், வழவழப்பாக்கிய களத்தில் டிமீட்டரின் தானியத்தைப் போரடிக்கச் சொல்கிறார். இரண்டு நிபந்தனைக்கும் காரணம் உண்டு. தரை கெட்டியாக இல்லாவிட்டால் குளம்படியில் மண் பெயர்ந்து தானியத்தோடு கலக்கும். காற்று இல்லாவிட்டால் தூற்ற முடியாது, பதர் பிரியாது. கதிரில் ஈரம் இருந்தால் மணி உதிராமல் காம்போடு ஒடியும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் வயலிலேயே கொட்டிவிடும்.

மாடு மிதிப்பது வழக்கமென்றால் தெய்வத்துக்கு 'அடிப்பவள்' என்று ஏன் பெயர்? வாக்டரின் விளக்கத்துக்கு எதிராக வைக்கக்கூடிய நல்ல கேள்வி இது. என் பார்வையில் இது பெயரின் பழமையைத்தான் காட்டுகிறது. விளைச்சல் குறைவாக இருக்கும் வீட்டில், அன்றைய உலைக்கு வேண்டியதைக் கோலால் தட்டியோ கட்டை அறைந்தோ எடுத்துக்கொள்வார்கள்; அதற்கு மாடும் வேண்டாம், வட்டக்களமும் வேண்டாம். காவியங்களில் வரும் பெரிய பண்ணையின் வேலை அல்ல அது, வீட்டு வேலை. பெண்பால் விகுதி அங்கே இயல்பாகப் பொருந்துகிறது.

டிமீட்டரும் களமும் பிரிக்க முடியாதவை என்பதற்கு ஆதாரம் ஏராளம். இலியட் ஐந்தாம் காண்டத்தில் புழுதி படிந்து வெளுத்த படைவீரர்களுக்கு ஓர் உவமை வருகிறது: தூற்றும்போது காற்று புனிதக் களங்களில் பதரை அடித்துச் செல்கிறது, பொன்னிறக் கூந்தல் டிமீட்டர் தானியத்தையும் பதரையும் பிரிக்கிறாள், பதர்க்குவியல் வெளுத்துப் போகிறது. களத்துக்குக் கிரேக்கத்தில் ஹலோஸ்; அந்தச் சொல்லிலிருந்தே பெயர் பெற்றது, ஏதென்ஸுக்கு அருகே டிமீட்டரின் கோயில் இருந்த எலியூசிஸில் அவளுக்கு எடுத்த ஹலோவா திருவிழா. எலியூசிஸை ஒட்டிய ராரியன் சமவெளியில் தொன்மக் கதையில் மக்களுக்கு உழவைக் கற்பித்த திரிப்தொலெமஸின் களம் என்று ஒன்றைக் காட்டினார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ் எழுதுகிறார். தாய் தானியத்தைத் தூற்றுகிறாள் என்றால் மகள் கதிரடிக்கிறாள் என்பதில் வியப்பில்லை. லோக்ரியின் மன்னெல்லாக் குன்றுக் கோயிலில் கிடைத்த கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகளில், ஹேடீஸின் பக்கத்தில் அரியணையில் அமர்ந்திருக்கும் பெர்செஃபொனே சேவலும் தானியக் கதிரும் ஏந்தியிருக்கிறாள். பாதாள அரசியாக இருக்கும்போதும் கதிரை அவள் கீழே வைக்கவில்லை.

பிறகு -ஃபத்தா எப்படி -ஃபொனே ஆயிற்று? -ஃபொனே என்று முடியும் பெண் பெயர்கள் கிரேக்கத்தில் வேறும் உண்டு: பழிவாங்கும் தெய்வங்களில் ஒருத்தி திசிஃபொனே, தொன்ம வீரன் பெர்சியூஸின் மகள் கொர்கொஃபொனே, 'கொர்கோன் என்னும் அரக்கியைக் கொன்றவள்'. -ஃபத்தாவின் பொருள் மங்கியபோது, அதே வேரிலிருந்து வந்து பொருள் தெளிவாக இருக்கும் இந்த அச்சில் பெயரை வார்த்துக்கொண்டார்கள். யாப்புக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஹோமரின் அடியில் இரண்டு நெடிலசைக்கு நடுவே ஒற்றைக் குறிலசை வரவே கூடாது. ஒன்றும் வரக்கூடாது, அல்லது இரண்டு வர வேண்டும். பெர்-செ-ஃபஸ்-ஸா என்பதில் நெடிலசை, குறிலசை, நெடிலசை என்று வருகிறது. இந்தப் பெயரைக் காவிய அடியில் எப்படித் திருகினாலும் உட்கார வைக்க முடியாது. பெர்-செ-ஃபொ-னெய்-யாவில் நடுவே இரண்டு குறிலசை, அழகாக உட்காரும். நாடகத்தின் உரையாடல் யாப்பு வேறு என்பதால் ஏஸ்கிலஸுக்குப் பெர்செஃபஸ்ஸா தடையில்லாமல் கிடைத்தது. ஹோமரைப் படித்தே உலகம் இந்தத் தெய்வத்தை அறிந்தது; ஆகவே நின்றது -ஃபொனே.

ஹேடீஸ் பெர்செஃபொனேயைப் பாதாளத்துக்குத் தூக்கிச் செல்ல, தாய் அவளைத் தேடி மீட்கும் கதையோடு இந்தப் பொருள் ஒத்துப்போகிறதா? டிமீட்டருக்கான ஹோமர் மரபுப் பாடல், 495 அடி, 1777இல் மாஸ்கோவில் கண்டெடுத்த ஒரே ஒரு கையெழுத்துப் படியால் நமக்குக் கிடைத்தது. அதில் பெர்செஃபொனே பாதாளத்தில் மாதுளை விதை ஒன்றை உண்கிறாள், அதனால் முழுதாக மீள முடிவதில்லை. ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மீதி மேலே. ஆறு விதை, ஆறு மாதம் என்பதெல்லாம் பின்னால் வந்தவை. அவள் கீழே இருக்கும் காலம் பனிக்காலம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாடலிலும் அவள் வசந்தப் பூக்களோடுதான் திரும்புகிறாள். ஆனால் கிரேக்க வயலில் அக்டோபர், நவம்பரில் விதைத்த தானியம் பனிக்காலம் முழுக்கப் பச்சையாக வளர்கிறது. வயல் வெறுமையாகக் கிடப்பது மே, ஜூன் அறுவடைக்குப் பிறகு, கொளுத்தும் கோடையில். அதனால் ஸ்வீடன் அறிஞர் மார்ட்டின் நில்சன், பெர்செஃபொனேயின் பாதாள வாசம் என்பது கதிரடித்த தானியம் நிலத்தடிக் குதிர்களில் கிடக்கும் கோடைக் காலமே என்று வாதிட்டார். பாடலின் வசந்தப் பூக்களை அந்த வாதம் முழுதாகச் சமாளிக்கவில்லை. ஆனால் பெயரின் பொருளோடு சேர்த்துப் பார்க்கும்போது அதன் வலு கூடுகிறது: களத்தில் கதிர் அடிபடுவதும் மணி மண்ணுக்குக் கீழே போவதும் அடுத்தடுத்து நடப்பவை.

ரோமுக்குப் போனபோது பெயர் இன்னொரு முறை உருமாறியது. இத்தாலியின் பழங்குடிகளான எத்ருஸ்கர் தங்கள் கல்லறை ஓவியங்களில் ஃபெர்சிப்னெய் என்று எழுதினார்கள். பழைய லத்தீன் கண்ணாடி ஒன்றில் ப்ரொசெப்னாய் என்று இருக்கிறது. கடைசியில் லத்தீனின் 'ப்ரோசெர்பெரே', முளைத்து ஊர்ந்து வெளிவருதல், என்ற வினையின் சாயல் படிந்து ப்ரொசெர்பினா ஆயிற்று. இதுவும் ஒலி ஒற்றுமையால் வந்த பொருள்தான். ஆனால் ரோமர் காதில் விழுந்தது கொலை அல்ல, முளை.

சில எச்சரிக்கைகள். பாரசீகம் என்ற நாட்டுப் பெயருக்கும் இந்தப் பெயருக்கும் உறவு இல்லை. அது பார்சா என்ற ஈரானியப் பெயரிலிருந்து வந்தது. பெர்சியூஸ் என்ற வீரனின் பெயரை இதோடு முடிச்சுப் போடவும் போதிய ஆதாரம் இல்லை. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, லீனியர் பி என்னும் மிகப் பழைய கிரேக்க எழுத்துமுறையில் எழுதிய களிமண் பலகை ஒன்றில், தங்கக் கிண்ணம் ஒன்றும் பெண் ஒருத்தியும் காணிக்கையாகப் பெறும் தெய்வத்தின் பெயரைச் சிலர் 'ப்ரெஸ்வா' என்று படித்து, பெர்செஃபொனேயின் கி.மு. 13ஆம் நூற்றாண்டு வடிவம் என்கிறார்கள். அதே எழுத்துகளைப் புறாத் தெய்வம் என்று படிப்பவர்களும் உண்டு. அதை ஆதாரமாக அடுக்காமல் இருப்பதே நல்லது. வாக்டரின் விளக்கத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, பர்ஷ என்ற சொல் வேதத்தில் ஒரே ஒருமுறைதான் வருகிறது என்பது. ஆயினும் ஒலிகள் பொருந்துகின்றன, தொகையின் இலக்கணம் பொருந்துகிறது, சாடிகளின் எழுத்து பொருந்துகிறது, தாயின் தொழிலும் பொருந்துகிறது. இந்த நான்கையும் ஒருசேர விளக்கும் வேறு விளக்கம் இதுவரை வரவில்லை.

மகளுக்கு இந்தப் பெயரை வைக்க நினைப்பவர்கள் பட்டியல்களைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. தமிழில் எழுதும்போது பெர்செஃபொனே என்று ஒகரத்தைக் குறிலாகவும் கடைசி ஏகாரத்தை நெடிலாகவும் எழுதுங்கள். பொருள் கேட்பவர்களிடம் 'கதிரடிக்கும் பெண்' என்று சொல்லுங்கள்.